ஒட்டுப்போர்வையா, அடுக்குப்போர்வையா? ‘பேட்ச்வொர்க் குவில்ட்’ சொல் விளக்கம்

‘பேட்ச்வொர்க் குவில்ட்’ என்பதைத் தமிழில் சொல்லுங்கள் என்றால் பலரும் ‘ஒட்டுப்போட்ட போர்வை’ என்பார்கள். கேட்டவுடன் புரிந்ததுபோல் இருக்கும். ஆனால் புரிவது வேறொரு பொருள். கிழிந்த இடத்தில் இன்னொரு துணியை வைத்துத் தைத்தால்தான் அது ஒட்டு. இங்கே கிழிசலே இல்லை. நல்ல துணியை அளந்து, சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, முதலிலிருந்து ஒரு துணியையே உருவாக்குகிறார்கள். பழுது பார்ப்பதற்கான சொல்லை ஆக்கத்தின் மேல் ஏற்றினால் அந்த வேலையின் மதிப்பே இறங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை எழுத அதுதான் காரணம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேட்ச்வொர்க் வேறு, குவில்ட் வேறு. இரண்டும் ஒரே பொருளில் அடிக்கடி சேர்ந்து வருவதால் ஆங்கிலம் பேசுகிறவர்களே குழப்பிக்கொள்வதுண்டு.

குவில்ட் என்பதற்கு மூன்று அடுக்கு வேண்டும். மேலே கண்ணுக்குத் தெரியும் முகத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் துளைத்துக்கொண்டு தையல் ஓட வேண்டும். அந்தத் தையல் இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். அழகு பிற்பாடு வந்தது, தேவைதான் முதலில். மேல்துணி ஒரே துணியாக இருந்தாலும் அது குவில்ட்தான். இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய குவில்ட்களுள் ஒன்று, 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சிசிலியில் தைக்கப்பட்ட டிரிஸ்டன் குவில்ட். அதன் ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இன்னொன்று ஃபுளோரன்ஸிலும் இருக்கின்றன. நார்மடித் துணியில், டிரிஸ்டன் என்ற ஐரோப்பிய வீரனின் பழங்கதைக் காட்சிகளைத் தையலாலேயே வரைந்து, உருவங்கள் புடைத்து நிற்கும்படி பஞ்சு வைத்திருக்கிறார்கள். அதில் வண்ணத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த வேலை ஒன்றுமில்லை.

சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது. லத்தீனில் ‘குல்கிட்டா’ என்றால் உள்ளே அடைத்துத் தைத்த மெத்தை. அது பழைய பிரெஞ்சில் ‘குயில்ட்’, ‘கொயில்ட்’ என்று திரிந்து, இடைக்கால ஆங்கிலத்துக்குள் வந்து ‘குவில்ட்’ ஆனது. லத்தீனிலேயே ‘குல்கிட்டா பங்ட்டா’ என்றொரு தொடரும் உண்டு. குத்தித் தைத்த மெத்தை என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் குவில்ட்டைக் குறிக்கும் ‘கூர்த்புவாந்த்’ இதன் வழியில் வந்ததுதான். ஆங்கிலத்தில் படுக்கை விரிப்பைக் குறிக்கும் ‘கவுண்டர்பேன்’ என்ற சொல்லும் இதே தொடர் உருமாறியது. ஜெர்மானியர் ‘ஷ்டெப்டெக்கே’ என்கிறார்கள், அதாவது தையல் போட்ட போர்வை. இத்தனை மொழிகளும் அடைப்பையும் தையலையும் பார்த்தே பெயர் வைத்திருக்கின்றன. துண்டுத்துணி எவர் கண்ணிலும் படவில்லை.

துண்டுத்துணியைச் சொல்வது ‘பேட்ச்வொர்க்’. பேட்ச் என்ற சொல்லின் மூலம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஓட்டையை அடைக்கும் துணி என்ற பொருள்தான் பழையது, அதிலிருந்து ‘பல துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் வேலை’ என்ற பொருள் வளர்ந்தது. குவில்ட் ஆகாத பேட்ச்வொர்க்கும் உண்டு. பட்டுத் துண்டுகளைச் சேர்த்து, 1718 என்று ஆண்டையும் பொறித்துத் தைத்த விரிப்பு ஒன்று பிரிட்டனில் இருக்கிறது. அந்நாட்டில் ஆண்டு குறித்துக் கிடைத்த பேட்ச்வொர்க் விரிப்புகளில் அதுவே மிகப் பழையது. அதைக் குவில்ட் என்று சொல்லாமல் ‘கவர்லெட்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். 

இந்த இரண்டோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் ‘அப்ளிக்’. ஒரு துணியின் மேல் இன்னொரு துணி உருவத்தை வைத்து ஓரம் தைப்பது அது. நியாயமாகப் பார்த்தால் ‘ஒட்டு’ என்ற தமிழ்ச்சொல் பொருந்துவது இந்த வேலைக்குத்தான். அதை ‘ஒட்டுத்தையல்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ‘பிளாக்’. சில துண்டுகள் சேர்ந்து ஒரு சதுரம் ஆகிறது. அந்தச் சதுரத்தைப் போலவே இன்னும் பல தைத்து, வரிசையாகச் சேர்த்தால் முகத்துணி தயார். அந்த ஒற்றைச் சதுரம்தான் பிளாக். இந்த முறை செழித்தது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். ஏழ்மையால் கந்தலைச் சேர்த்துத் தைத்ததில் இந்தக் கலை பிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. காலவரிசை அதை முழுதாக ஆதரிக்கவில்லை. துணி விலை அதிகமாக இருந்த காலத்தில் குவில்ட் வசதி படைத்த வீட்டுப் பொருளாகவே இருந்தது. ஆலைகள் பெருகி, அச்சிட்ட பருத்தித் துணி மலிவாகக் கிடைத்த பிறகுதான் பிளாக் குவில்ட் வீட்டுக்கு வீடு பரவியது. மிச்சத் துணியைப் பயன்படுத்தினார்கள், உண்மை. இதற்கென்றே துணி வாங்கியும் தைத்தார்கள். பிளாக்கின் பெரிய வசதி வேறு: அது மடிக்குள் அடங்கும். கிடைத்த நேரத்தில் ஒன்று தைத்து வைத்துவிட்டு, போதுமான அளவு சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் இணைத்துக்கொள்ளலாம்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல் இருக்கிறது?

பல துணி சேர்ந்த ஆடை நம் இலக்கியத்துக்குப் புதிதில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்த பொருநனின் உடுப்பை, ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்று முடத்தாமக்கண்ணியார் சொல்கிறார். துன்னல் என்றால் தையல், சிதாஅர் என்றால் கந்தல். நெய்த நூலைவிடத் தைக்கப் புகுந்த வேற்று நூலே தெரிகிற துணி. நான்கே சொற்களில் அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்க வைத்துவிடுகிறார். துன்னு என்ற வினைக்கு நெருங்குதல், பொருந்துதல் என்ற பொருளும் உண்டு. சிலப்பதிகாரத்தில் தையற்காரர் ‘துன்னகாரர்’ என்று வருகிறார்கள். விளிம்பும் விளிம்பும் நெருங்கிப் பொருந்தும் வேலைக்கு இதைவிட அழகான சொல் கிடைக்காது. ஆனால் இன்று ‘துன்னல் போர்வை’ என்று எழுதினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அகராதியைத் தேட வேண்டியிருக்கும். மனமில்லாமல்தான் இதை ஒதுக்குகிறேன்.

இன்னொரு சொல் ‘கந்தை’. வடமொழி ‘கந்தா’விலிருந்து வந்தது. அங்கே அதற்குத் துறவிகள் அணியும் ஒட்டுத்துணி என்ற பொருள் உண்டு. பெரியபுராணத்தில் சேக்கிழார் ‘ஆரம் கண்டிகை, ஆடையும் கந்தையே’ என்று அடியார்களைப் போற்றும்போது இழிவு துளியும் இல்லை. வேறொன்றும் வேண்டாதவர்களின் நிறைவு அதில் இருக்கிறது. அதே சொல் வங்காளத்தில் ‘காந்தா’ என்று வாழ்கிறது. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத்தையல் போட்ட போர்வைக்கும், அந்தத் தையல் வேலைக்கும் அங்கே அதுதான் பெயர். தமிழில் அதே சொல் வெறும் கிழிசல் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. கையால் மாதக்கணக்கில் தைத்த ஒன்றைக் கந்தை என்று இன்று சொன்னால் தைத்தவர் மனம் வருந்தும். ஆகவே இதுவும் சரிப்படாது.

‘மெத்தைப்போர்வை’ என்று சிலர் எழுதுகிறார்கள். லத்தீன் வேரோடு ஒத்துப்போனாலும், படிப்பவர் அதை மெத்தைக்கு மேல் விரிக்கும் உறை என்று எடுத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். குவில்ட்டைக் குவில்ட் ஆக்குவது அடுக்கு. அதனால் ‘அடுக்குப்போர்வை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குவில்டிங் என்ற வேலை ‘அடுக்குத்தையல்’. இரண்டு சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படாது.

பேட்ச்வொர்க்குக்குப் பேச்சிலேயே ஒரு நல்ல வினை இருக்கிறது. கைலி வாங்கினால் ‘மூட்டிக் கொடுங்கள்’ என்கிறோம். இரண்டு விளிம்பைச் சேர்த்துத் தைப்பதற்கு அதுதான் பெயர். ஒன்றின் மேல் ஒன்றை வைப்பது ஒட்டு, விளிம்போடு விளிம்பு சேர்ப்பது மூட்டு. ‘மூட்டு’ என்று தனியாக எழுதினால் முழங்கால் நினைவுக்கு வரும் என்பதால் ‘துணிமூட்டு’ என்று சேர்த்தே எழுத வேண்டும். பேட்ச் என்பது ‘துண்டு’. பிளாக் என்பதற்குக் ‘கட்டம்’. கோலத்துக்கும் சேலைக்கும் ஏற்கெனவே கட்டம் போடுகிறவர்கள் நாம். பேட்ச்வொர்க் குவில்ட் முழுவதையும் ‘துணிமூட்டு அடுக்குப்போர்வை’ எனலாம். நீளமாகத் தோன்றினால் ‘அடுக்குப்போர்வை’ போதும். பேச்சில் குவில்ட் என்றே சொல்லிவிட்டுப் போவதிலும் தவறில்லை. ‘ஒட்டுப்போர்வை’ மட்டும் வேண்டாம்.

கட்டங்களின் பெயர்களைத் தயங்காமல் தமிழாக்கலாம், ஏனென்றால் அவை மூலத்திலேயே நிலையாக இருந்ததில்லை. ‘கரடிப்பாதம்’ என்று அழைக்கப்படும் அதே கட்டத்துக்கு ‘நட்பின் கை’ என்றும், ‘சேற்றில் வாத்தின் கால்’ என்றும் பெயர்கள் உண்டு. ஊர் மாறினால் பெயரும் மாறும். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி ஸ்டார் செய்தித்தாள் 1928 முதல் 1961 வரை கட்ட வடிவங்களை வெளியிட்டுவந்தது. அப்படி அச்சேறிய பிறகும் ஒரே வடிவத்துக்குப் பல பெயர்கள் நீடித்தன. நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கிக்கொண்டே போகும் ‘லாக் கேபின்’ கட்டத்தை ‘மரக்குடில்’ எனலாம். அதன் நடுவில் சிவப்புத் துண்டு வைத்து, வீட்டின் அடுப்பு என்று பொருள் சொல்வார்கள். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் இதற்கு நெருங்கிய வடிவம் ஒன்றைக் ‘கூரை’ என்ற பொருள்பட அழைக்கிறார்கள். அவர்களுடைய போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

எல்லாவற்றிலும் எளியது ‘நைன் பேட்ச்’. தமிழில் ‘ஒன்பது துண்டுக் கட்டம்’. இந்தச் சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்க்க இதையே எழுதிப் பார்க்கலாம்.

மூன்றரை அங்குலச் சதுரமாக அடர்நிறத்தில் ஐந்து துண்டு, வெளிர்நிறத்தில் நான்கு துண்டு வெட்டிக்கொள்ளவும். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும், தைத்த பின் ஒவ்வொன்றும் மூன்று அங்குலமாக நிற்கும். முதல் வரிசை அடர், வெளிர், அடர். இரண்டாவது வெளிர், அடர், வெளிர். மூன்றாவது முதல் வரிசை போலவே. கையால் மூட்டுவதாக இருந்தால் துணியின் பின்பக்கத்தில் கால் அங்குலக் கோடு பென்சிலால் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே சின்னச் சின்ன ஓட்டத்தையல் போடவும். மூட்டிய பின் தையலின் உள்மடிப்பை அடர்துணிப் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முதல் வரிசையின் மடிப்பும் இரண்டாம் வரிசையின் மடிப்பும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும்.

கால் அங்குலத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு தையல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போனாலும் இரண்டு துண்டிலிருந்தும் அது குறையும், ஆக எட்டில் ஒரு பங்கு. வரிசைக்கு இரண்டு தையல் என்பதால் கட்டத்துக்குக் கால் அங்குலம். ஆறு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றரை அங்குலம் காணாமல் போயிருக்கும்.

சரியாக வந்தால் கட்டம் ஒன்பது அங்குலம். எல்லாக் கட்டத்தையும் மூட்டியே தைக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மூட்டிய கட்டம், ஒரு வெற்றுத்துணிச் சதுரம் என்று மாற்றி மாற்றி வைத்தால் வேலை பாதியாகும், அடர்நிறத் துண்டுகளும் மூலைவாட்டில் சங்கிலிபோல் தொடரும். அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஏழு வைத்தால் மொத்தம் 35. அவற்றில் மூட்டியவை 18 தான், முகத்துணி 45க்கு 63 அங்குலம் கிடைக்கும். அப்புறம் பஞ்சும் அடித்துணியும் வைத்து, நகராதபடி பெரிய தையலாக நூலோட்டி, நடுவிலிருந்து வெளிநோக்கி அடுக்குத்தையல் போட்டு, நூலோட்டியதைப் பிரித்து, ஓரத்துக்குப் பட்டை வைத்து முடிக்க வேண்டும்.