ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மனநல சிகிச்சை: தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே போவது, எப்படிப் போவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் என்பது வெறும் ஊர்ப்பெயர் இல்லை, வசவும்கூட. யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் போதும், "இவனை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று சிரிப்போம். 1911-ல் தொடங்கிய பெரிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் வந்த பேச்சு இது. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பல வீடுகளில் பிள்ளை இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிடாமல், தூங்காமல் அறைக்குள் கிடந்தாலும் பெற்றோர் அசைவதில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள். கட்டட்டும், அதைக் குறை சொல்ல வரவில்லை. கிளினிக்குக்கும் போங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

எந்த கிளினிக்? அப்பா இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மருந்து வாங்கும் அதே அரசாங்க கிளினிக்தான், கிளினிக் கெசிஹாத்தான். மனநலத்துக்கு முதல் வாசல் அதுதான். நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. மலேசியக் குடிமகனுக்குக் கட்டணம் 1 வெள்ளி, மருந்தும் அதிலேயே அடக்கம். அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். பிள்ளைக்கு இன்னும் அட்டை எடுக்கவில்லை என்றால் பிறப்புப் பத்திரம். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் அதிகம், அதை முகப்பிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முகப்பில் என்ன சொல்வது என்பதுதான் பலருக்குத் தயக்கம். பின்னால் வரிசையில் நிற்பது மூன்றாம் வீட்டு அத்தையாக இருக்கும்! அங்கே கதை முழுவதையும் சொல்ல வேண்டாம். "தூக்கம் வரவில்லை", மலாயில் "சுசா தீடோர்", அவ்வளவு போதும். மீதியை டாக்டரின் அறைக்குள் போய்ச் சொல்லலாம்.

உள்ளே பெரும்பாலும் ஒரு பாரம், அதாவது கேள்வித்தாள், கொடுப்பார்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உடம்பு அசதியா என்று வரும். ஒவ்வொன்றுக்கும் "இல்லவே இல்லை" என்றால் 0, "கிட்டத்தட்ட தினமும்" என்றால் 3. எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 27. கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் இன்னும் விவரமாக விசாரிப்பார். இது பரீட்சை இல்லை, 10 வந்தால் பைத்தியம் என்று முத்திரையும் இல்லை. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலாம் என்றோ தன்னையே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்பது. அதற்கு மட்டும் மறைக்காமல் பதில் எழுதச் சொல்லுங்கள்.

ஒருமுறை எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையனுக்குத் துணையாகப் போனேன். படிவம் 5, அதாவது இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறவன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஒன்பதுக்கும் 0 போட்டான். "அக்கா, வாங்க, ஒரு தே ஓ குடிச்சிட்டு வரலாம்" என்று அந்த அம்மாவை வெளியே கூட்டிப் போனேன். திரும்பி வந்தபோது அவன் முகப்பில் இன்னொரு பாரம் கேட்டு வாங்கி, புதிதாக எழுதிக்கொண்டிருந்தான். அதனால் சொல்கிறேன், பிள்ளையை உள்ளே தனியாக விடுங்கள்.

18 வயதுக்குக் குறைவான பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ப்பதற்கும் அப்படித்தான். வீட்டில் அடிப்பவரே கையெழுத்துப் போட வேண்டும் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த நிலையில் முதலில் 15999, தாலியான் காசே எண்ணுக்கு அழைக்க வேண்டும். பெண்கள், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 24 மணி நேர எண் அது, துன்புறுத்தல் புகார்களையும் எடுத்துக்கொள்வார்கள்.

டாக்டர் பார்த்த பிறகு ஆலோசனைக்கு அனுப்பலாம், மருந்து கொடுக்கலாம், இரண்டும் நடக்கலாம். மனச்சோர்வு மருந்து பனடோல் வலி மாத்திரை மாதிரி இல்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் ஆகலையே" என்று நிறுத்தினால் எல்லாம் வீண். சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக்கூடாது. நிபுணர் பார்க்க வேண்டுமென்றால் கடிதம் தருவார்கள், நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் ஈப்போ நகர மருத்துவமனைக்கு. அரசாங்க கிளினிக் கடிதத்தோடு போனால் நிபுணர் கட்டணம் 5 வெள்ளிதான். அதே நிபுணரைத் தனியாரில் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும். கடிதத்தைத் தொலைக்காதீர்கள். அரசாங்கத்தில் நிபுணரைப் பார்க்கும் தவணைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஈப்போ போகும் நாளில் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போகும். இந்தச் சிகிச்சையில் தோட்டத்துக் குடும்பத்துக்கு உண்மையான செலவு அதுதான், 5 வெள்ளி இல்லை.

வேலையோ படிப்போ பாதியில் நின்றுபோன இளைஞர்களுக்கு மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் இருக்கின்றன. சிகிச்சையோடு, வேலை தேடித் தந்து வேலையில் நிலைக்கவும் உதவுவார்கள். பக்கத்தில் எது என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, இடைநிலைப்பள்ளியில் ஆலோசனை ஆசிரியர் இருப்பார், பிள்ளை அவரிடம் நேராகவே போகலாம். அறுபது, எழுபது பிள்ளைகள் படிக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அதற்கென்றே முழுநேர ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. அங்கே வகுப்பாசிரியர்தான் கவனிக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. 13 முதல் 17 வயது மாணவர்களிடம் 2022-ல் எடுத்த தேசிய ஆய்வில் 26.9 விழுக்காட்டினர் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னார்கள். நாலு பேரில் ஒருவர்.

இன்னொரு பயம் போலீஸ். உயிரை விட முயன்ற பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகும் என்று மறைத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பயத்துக்கு முன்பு காரணமும் இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று இருந்தது. 2023-ல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. இப்போது அது குற்றம் இல்லை. தயங்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் 15555. சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. எடுத்தவுடனே தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. அவசரம் என்றால் கிளினிக் திறக்கும்வரை, திங்கட்கிழமை வரை என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனை அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும், வண்டி இல்லையென்றால் 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள். ஆள் வரும்வரை பிள்ளையைத் தனியாக விடாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.