கன்டெயின்மென்ட்: கிருமிக்காவல்

கொரோனாக் காலத்தில் தெருமுனையில் தகரம் அடித்து மறித்தபோது தர்மபுரி, கிருஷ்ணகிரியில் எல்லார் வாயிலும் புழங்கிய சொல் இது. 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என்று தமிழில் எழுதினார்கள். தெருவுக்கு அது போதும். ஆய்வகத்தில் ஆபத்தான கிருமியை வெளியேறாமல் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கும் இதே சொல்தான், அதற்கு அது போதாது. வேறு சொல் தேடுவோம்.

வேர் லத்தீன். 'கான்' என்றால் ஒருசேர, 'டெனேரே' என்றால் பிடித்திருத்தல். சிதறாமல் உள்ளேயே பிடித்து வைப்பதுதான் மூலப்பொருள். ஓசூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டிப் போகும் கன்டெய்னர்களும் இதே வேரில் வந்தவைதான்.

'கட்டுப்பாடு' ஏன் ஆகாது? நோய் ஒழிப்பில் அது கன்ட்ரோலுக்கு உரிய சொல். நோயைக் குறைத்து வைக்கும் முதல் படி. ஒரு நாட்டில் இல்லாமல் செய்வது நீக்கம், உலகத்திலேயே இல்லாமல் செய்வது ஒழிப்பு. கன்டெயின்மென்ட் முழுமையாகத் தேவைப்படுவது இந்தப் படிகளையெல்லாம் கடந்த பிறகு, வைரஸ் குப்பிகளில் மட்டும் மிஞ்சும்போது. அதற்குப் போய் முதல் படியின் பெயரை வைத்தால் படிப்பவர் குழம்புவார்.

'அடைப்பு' என்றால் இதயமும் சாக்கடையும்தான் நினைவுக்கு வரும். 'அடைகாப்பு' நல்ல சொல்தான், ஆனால் கோழியும் இன்குபேஷனும் அதை முன்பே எடுத்துக்கொண்டன.

மிஞ்சுவது 'காவல்'. மாங்காய்ப் பருவத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்புக் காவல் போடுவது வெளியாள் உள்ளே நுழையாமல் இருக்க. ஒருவரைக் காவலில் வைப்பதோ உள்ளே இருப்பவர் வெளியே போகாமல் இருக்க. ஆய்வகத்துக்கு இரண்டும் வேண்டும்: வைரஸ் கசியவும் கூடாது, களவு போகவும் கூடாது. ஆகவே கிருமிக்காவல். (அங்கீகாரம் பெற்ற இடத்தைக் 'காவல் நிலையம்' என்று மட்டும் சொல்ல முடியாது. 'காவல் கூடம்' என்போம்.)

போலியோவை எடுத்துக்கொள்வோம். அந்த வைரஸில் மூன்று வகை. இயற்கையில் திரிந்த 2ஆம் வகை கடைசியாக 1999இல் அலிகரில் அகப்பட்டது. ஒழிந்ததாக 2015இல் சான்று கிடைத்தது. சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ்; 2016 ஏப்ரலில் அதிலிருந்தும் அந்த வகையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் போலியோ தடுப்பூசி கைகால் வாதத்தைத் தடுக்கும்; ஆனால் குடலில் அந்த வைரஸ் பெருகுவதைச் சொட்டு மருந்து அளவுக்குத் தடுக்காது. ஒரு குப்பி கசிந்தால் ஊருக்குள் சத்தமில்லாமல் பரவ வழி இருக்கிறது.

போலியோ வைரஸையே கையாளாத ஆய்வகத்துக்கும் இதில் வேலை உண்டு. நம் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் 'ரோட்டா, 2009' என்று எழுதிய குப்பிகள் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு ஆய்வுக்கு எடுத்த குழந்தைகளின் மலம். அந்தக் குழந்தைகளில் யாராவது முந்தின வாரம் சொட்டு மருந்து குடித்திருந்தால் குப்பிக்குள் 2ஆம் வகை இருக்கலாம். ஆகவே லேபிளில் நோயின் பெயரைப் பார்த்துப் பயனில்லை. எடுத்த ஆண்டையும் ஊரையும் பார்க்க வேண்டும். பட்டியல் எடுத்த பிறகு வழி மூன்று: அழிப்பது, காவல் கூடத்துக்கு அனுப்புவது, தானே காவல் கூடமாக அங்கீகாரம் பெறுவது. மூன்றாவதற்குக் காற்றழுத்தம் குறைந்த அறை, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா காற்று வடிகட்டி, கழிவுநீரைக் கிருமிநீக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு அழிப்பதே புத்திசாலித்தனம்.

அழிப்பது ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில், 121 டிகிரி நீராவியில். பிழை நடப்பதும் இங்கேதான். பையை இறுக்கிக் கட்டினாலோ குப்பி மூடியைத் தளர்த்தாமல் விட்டாலோ காற்று உள்ளேயே தங்கிவிடும், நீராவி புகாது. வெளியே ஒட்டிய டேப் நிறம் மாறியதைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. அது பையின் மேல்புறச் சூட்டை மட்டும் சொல்லும். சுமையின் நடுவில் ஸ்போர் (சூடு தாங்கும் பாக்டீரியா வித்து) சோதனைக் குப்பி ஒன்றை வைத்து, எடுத்து, வளர்கிறதா என்று பார்த்தால்தான் உறுதி.

கீழே சிந்தினால் கை சானிடைசரை நம்ப வேண்டாம். போலியோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சாராயக் கரைசலுக்கு எளிதில் மசியாது. உறிஞ்சுதாளால் மூடி, அன்றே கலந்த 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டை (ப்ளீச் கரைசல்) ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றி, அரை மணி விட வேண்டும். மலக்கழிவு குளோரினைத் தின்றுவிடும் என்பதால், அள்ளிய பிறகு இன்னொரு முறை ஊற்றித் துடைக்க வேண்டும்.

காவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமே சான்று. இயற்கையில் பெரியம்மை கடைசியாக 1977இல் சோமாலியாவில் கண்டது. மறு ஆண்டு, பல்கலைக்கழகப் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்மாடியில் பணியாற்றிய மருத்துவப் புகைப்படக்காரர் ஜேனட் பார்க்கர் அந்த நோயால் இறந்தார். 2014இல் பெல்ஜியத்தில் ஒரு தடுப்பூசி ஆலையிலிருந்து 45 லிட்டர் உயிருள்ள 3ஆம் வகைப் போலியோ வைரஸ் கரைசல் கழிவுநீரில் போய்விட்டது.

நம் விவசாயிகள் அறிந்த உதாரணமும் உண்டு: மாட்டுக்கு வரும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்). இந்தியாவில் கடைசியாக 1995இல் வட ஆற்காட்டுப் பக்கம் கண்டது. உலகில் ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். 2019இல் இங்கிலாந்தின் பிர்பிரைட் கால்நடை நோய் ஆய்வு நிறுவனம் தன்னிடம் இருந்த அந்த வைரஸின் மரபணு வரிசையைப் படித்துப் பதிந்துகொண்டு குப்பிகளை அழித்தது.

தனிமைப்படுத்தல் நோயாளிக்கு உரிய சொல், கிருமிக்காவல் குப்பிக்கு. இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதும் உண்டு: போலியோ தொற்றிய பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. அதனால் சிந்திய குப்பியின் அருகே நின்ற பணியாளர், மலச்சோதனையில் வைரஸ் இல்லை என்று தெரியும்வரை, தனிக் கழிப்பறையோடு ஒதுங்கி இருக்க வேண்டும்.