எடை குறைந்தது சரி, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர் விடாமல் வாந்தி எடுத்தால், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (விட்டமின் பி1) ஊசி போட வேண்டும். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நீங்கள் போய்விட்டாலும் எனக்குச் சம்மதம். மீதியெல்லாம் எரிச்சலில் எழுதுவது.

நான் அறுவை நிபுணன் அல்ல, பொது மருத்துவன். கோவைக்கும் திருச்சிக்கும் நடுவில் இருக்கும் ஊரில் வேலை. ஆபரேஷன் பெரிய ஊரில் நடக்கிறது. அதற்கப்புறம் அந்த வயிற்றோடு வாழ வேண்டிய இருபது முப்பது வருடம் எங்களைப் போன்றவர்களின் ஓ.பி.யில்தான் வந்து உட்காருகிறது.

இதை எழுத வைத்தவர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். இரைப்பையை வெட்டிக் குழாய்போல் ஆக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சில வாரங்களாக எது உள்ளே போனாலும் வெளியே வந்துவிடுகிறது. ‘எடை குறையணும்னா வாந்தி வரத்தான் செய்யும்’ என்று உறவில் ஒருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். ஆள் துவண்டு போனதும் பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியிருக்கிறது. மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போக முடிந்தது. டிவியில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றிருக்கிறார். ‘வீக்னஸ்தானுங்க டாக்டர், இன்னொரு பாட்டில் போட்டா சரியாயிருமுங்க’ என்றார் கணவர். நான் விரலை நீட்டி இடமும் வலமும் நகர்த்தினேன். கண்மணி பாதி தூரம் வந்தது, அப்புறம் நின்று துடித்தது.

இதற்கு வெர்னிக்கி என்று பெயர். பி1 என்கிற தயமின் தீர்ந்துபோய் மூளை அடிபடும் நிலை. உடம்பில் பி1 கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். வாந்தியில் அது கரைந்துகொண்டிருக்கும்போது குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், அதை எரிக்கவே மிச்சமிருந்ததும் செலவாகிவிடும். பார்வைக் கோளாறு, தள்ளாட்டம், மனக்குழப்பம் என்று பாடப்புத்தகத்தில் மூன்று அடையாளம் போட்டிருக்கும். மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. சேரட்டும் என்று காத்திருந்தால் ஞாபகசக்தி போகும், போனது பலருக்குத் திரும்புவதில்லை. இந்தப் பெண்ணுக்கு ஊசி போட ஆரம்பித்த ஓரிரு நாளில் கண் சரியாகிவிட்டது. நடைக்கு மாதக்கணக்கானது. பாதத்தில் மரமரப்பு இன்னும் இருக்கிறது.

சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் தயமின் போடுங்கள். அது வீண்போனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

வாந்தியைப் பற்றி ஒரே வார்த்தை: அது எடை குறைவதன் அடையாளம் அல்ல. அவசரமாக, மெல்லாமல் சாப்பிட்டு எப்போதாவது ஒருமுறை எதுக்களிப்பது வேறு. இரண்டு மூன்று நாள் எதுவுமே தங்கவில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போடுங்கள். வழி குறுகியிருக்கலாம், மடங்கியிருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

சரி, ஆபரேஷனுக்குப் பிறகு எழுதித் தரும் விட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு வருவோம். என் பொறுமையை மிகவும் சோதிப்பது இதுதான். ‘இப்ப நல்லாத்தானே சாப்பிடுறேன் டாக்டர், எதுக்கு மாத்திரை? முருங்கைக்கீரை சாப்பிடுறேன், பேரீச்சம்பழம் சாப்பிடுறேன், ராகிக் கஞ்சி குடிக்கிறேன்.’

உங்கள் வயிறு இப்போது பழைய வயிறு இல்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு ஆபரேஷனில் அதைவிடச் சின்னதாக, 30 மில்லி அளவில் ஒரு பை மட்டும் விட்டு, அதைக் குடலில் கீழே கொண்டுபோய் இணைக்கிறார்கள். அந்தக் குழாய்க்குள் எத்தனை கிண்ணம் முருங்கைக்கீரை போகும்? இன்னொன்றும் இருக்கிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது குடலின் முதல் பகுதியில். பைபாஸ் செய்தவருக்கு உணவு அந்தப் பக்கமே போவதில்லை. பைபாஸ் ரோட்டில் போகிற பஸ் ஊருக்குள் நிற்கும் ஆளை எப்படி ஏற்றும்? பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் துணைக்கு வேண்டும். இரண்டு ஆபரேஷனிலுமே அது குறைந்துவிடுகிறது. ஆகவே ‘எனக்கு ஸ்லீவ்தான், பைபாஸ் இல்லை’ என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். அசைவம் தொடாதவர்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் பி12 ஏற்கெனவே தகராறுதான்.

‘நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே’ என்பது அடுத்த வாதம். ஆகாது. கல்லீரலில் இருக்கும் பி12 இருப்பு ஒன்றிரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஓடும். கால்சியம் இதைவிடத் தந்திரமானது. உணவில் வராததை எலும்பிலிருந்து உருவி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும் உடம்பு. ‘பிளட் டெஸ்ட்ல கால்சியம் நார்மல்’ என்று நீங்கள் ரிப்போர்ட்டை நீட்டும்போது உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் விட்டமின் டி, பி.டி.ஹெச். (எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும் ஹார்மோன்) இரண்டையும் கூடவே எழுதித் தருகிறோம். லேபில் கமிஷன் வாங்க அல்ல.

பி12 தீரும்போது முதலில் உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும். அப்புறம் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நாலடி நடந்திருப்பீர்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடும். அந்தக் கட்டத்தில் வந்து ‘ஊசி போட்டா பழையபடி ஆயிருமா’ என்று கேட்டால் நான் என்ன சொல்வது? கொஞ்சம் ஆகும். முழுசாக ஆகுமா என்று சொல்ல முடியாது.

மாத்திரை சூடு, வாய்ப்புண் வருகிறது என்பவர்களுக்கு: வாய்ப்புண்ணே பி விட்டமின் பற்றாக்குறையால் வந்திருக்கலாம். பழகிப்போய்விடும் என்பவர்களுக்கு: ஆமாம், பழகத்தான் வேண்டும், ஆயுசு முழுக்க. லட்சக்கணக்கில் செலவழித்து வயிற்றைச் சின்னதாக்கிவிட்டு, மாதாமாதம் மாத்திரைக்குக் கணக்குப் பார்ப்பது என்ன சிக்கனமோ! இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட்டுக்கு அமிலம் வேண்டும், உங்களிடம் அது குறைவு.

இவ்வளவு திட்டுவதால் ஆபரேஷனுக்கே நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். பலரை நானே அனுப்பி வைத்திருக்கிறேன். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்று மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்கியவர் அதைத் தூக்கிப் போட்டிருக்கிறார். இன்சுலினில் இருந்தவர் ஒரு மாத்திரையோடு சமாளிக்கிறார். முட்டி வலியால் கீழே உட்கார முடியாத அம்மா, பழநியில் விஞ்ச் டிக்கெட் வாங்காமல் யானைப் பாதையில் நடந்தே ஏறியதாக வந்து சொன்னார். ஸ்வீடனில் 1987இல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்றே தெரியவந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எடை அதிகபட்சம் குறைந்திருந்தது முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், பைபாஸ் செய்தவர்களிடம் நிலைத்து நின்றது ஆரம்ப எடையில் சராசரியாக 25 சதவீதக் குறைவு. நடுவில் கொஞ்சம் ஏறி, அப்புறம்தான் நிலைத்திருக்கிறது. ஆகவே நாலைந்து கிலோ கூடியதும் ‘ஆபரேஷன் ஃபெயில்’ என்று முடிவு கட்டி, வெட்கப்பட்டு, செக்கப்புக்கே வராமல் ஒளிந்துகொள்ளாதீர்கள். உங்களைத் திட்ட மாட்டேன். மாத்திரையை நிறுத்தியதற்குத்தான் திட்டுவேன். ஏறிய எடையைக் குறைக்க இப்போது மருந்தும் ஊசியும் இருக்கின்றன. அதற்கு முன் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

அங்கேதான் பிஸ்கட் வருகிறது. கோழி, கொண்டைக்கடலை எல்லாம் நெஞ்சில் நிற்கிறது. பிஸ்கட், மிக்சர், ரசம் சாதம், ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகிறது. எது சுலபமாகப் போகிறதோ அதையே நாள் முழுக்கக் கொறித்தால் எடையும் ஏறும், புரதமும் கிடைக்காது. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தட்டில் முதலில் முட்டையோ மீனோ பனீரோ பருப்போ, அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீரோ ரசமோ குடிக்க வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். விக்கல் வந்தாலோ மூக்கில் நீர் வடிந்தாலோ வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். இன்னும் ஒரு வாய் வேண்டாம், அத்தை வருத்தப்பட்டாலும்.

பாயசம், அல்வா சாப்பிட்ட அரை மணிக்குள் படபடத்து, வியர்த்து, வயிற்றைக் கலக்கினால் அது டம்பிங். பைபாஸ்காரர்களுக்கு அதிகம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கி வியர்த்தால் சுகர் இறங்கியிருக்கலாம். அப்போதைக்கு இனிப்பு வேண்டியதுதான். தினமும் அப்படி ஆகிறது என்றால் உணவு முறையை மாற்ற வேண்டும், டாக்டரைப் பாருங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளையும் பழைய அளவிலேயே ஓட்டாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். ‘சுகர் போயிருச்சு’ என்று யாராவது சொன்னால், இப்போதைக்கு அடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வருடாவருடம் பாருங்கள்.

மெடிக்கலில் போய் ‘உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க’ என்று கேட்கும் பழக்கத்தை விடுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம், முக்கியமாக பைபாஸ் செய்தவருக்கு, இணைப்பு இடத்தில் புண்ணாக்கும். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே வாருங்கள். மது சீக்கிரமாக ஏறும், அதிகமாக ஏறும், இரண்டாம் வருடத்துக்கு மேல் அதற்கே அடிமையாகிறவர்களும் இருக்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்கு வயிற்றுவலி விட்டுவிட்டு வந்து முறுக்கினால், கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். குடல் உள்ளே புகுந்து சிக்கியிருக்கலாம்.

முடி கொட்டும், மூன்றாம் மாதவாக்கில். பெரும்பாலும் திரும்ப வளரும். அதற்கென்று எண்ணெய் வாங்கும் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

பெண்களுக்கு ஒன்று. பல வருடம் குழந்தை இல்லாமல் இருந்தவர்களுக்கும் எடை குறைந்ததும் சட்டென்று கரு தங்கிவிடும். சந்தோஷம்தான், ஆனால் முதல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் அதற்கான நேரம் அல்ல. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்பவும் முடியாது, காப்பர் டி போன்றதைக் கேளுங்கள். கர்ப்பமானதும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கத் தருவார்கள், 75 கிராம். தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யும் நல்ல சோதனை அது. உங்களுக்கு மட்டும் அதில் டம்பிங் வந்து மயங்கலாம். குடிப்பதற்கு முன் நர்ஸ் அம்மாவிடம் ஆபரேஷனைச் சொல்லுங்கள். வீட்டிலேயே சில நாள் சுகர் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியும்.

சொல்லுங்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் பலர் இந்த ஆபரேஷனை மறைக்கிறார்கள். காரணம் புரியாமல் இல்லை. குண்டாக இருந்தபோது கிண்டல் செய்தவர்களே இப்போது கல்யாண வீட்டில் கையைப் பிடித்து ‘என்ன கண்ணு இப்படி இளைச்சிட்டே, சுகரா?’ என்று கேட்கிறார்கள். ஆபரேஷன் என்று சொன்னால் ‘வாயைக் கட்ட முடியலையா’ என்பார்கள். துக்கத்துக்கும் கோபத்துக்கும் சாப்பாட்டில் ஆறுதல் தேடியவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. தனியே அழுகிறவர்கள் இருக்கிறார்கள். மனசு கனத்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தயவுசெய்து யாரிடமாவது பேசுங்கள். 14416 டெலி மானஸ் இலவச எண், தமிழிலும் பேசலாம்.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். லேப்ராஸ்கோபித் தழும்பு சின்னது, மயங்கிய நிலையில் நீங்கள் வரும்போது எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் இன்னொருவர் போனிலும் வையுங்கள். எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மருத்துவமனை, இப்போது என்ன மாத்திரை. அப்புறம், கடைசியாக எப்போது பி12 பார்த்தீர்கள் என்று ஞாபகம் வராவிட்டால் இந்த வாரமே பாருங்கள். கூடவே ரத்த அளவு, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), விட்டமின் டி, பி.டி.ஹெச். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று லேபில் கேட்டுக்கொண்டு போங்கள்.