மனை வாங்கும் முன், தெரு எங்கே போகிறது என்று பாருங்கள்

மனை பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எத்தனை அடியில் வரும், பட்டா இருக்கிறதா, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உண்டா என்று கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் மனைக்கு முன்னால் போகும் தெரு அடுத்த முனையில் எதில் சேர்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மனைப்பிரிவுக்கு வரைபடம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள் நாயக்கர் காலத்திலிருந்து இன்றும் அதே அமைப்பில் இருக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான வெளி வீதிகளும் பழைய தெருக்களோடு இணைந்துகொண்டன. அங்கே நெரிசல் இல்லையா? நிறையவே உண்டு. ஆனாலும் மாசி வீதியில் தேர் ஓடும் நாளில்கூட, நடந்து போகிறவருக்கு ஏதாவது ஒரு சந்து வழிவிடும்.

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 ஆனது. பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆக உயர்ந்தது. அதற்கு வெளியேயும் வயல்கள் சர்வே எண் வாரியாக விற்கப்பட்டு மனைகளாகின்றன. ஒவ்வொன்றுக்கும் மெயின் ரோட்டிலிருந்து ஒரே வாசல். உள்ளே போகும் தெரு எல்லைச் சுவரில் முட்டி நின்றுவிடும். கொல்லைச் சுவர் ஒட்டிய இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால், மெயின் ரோடு வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பால் வாங்கப் போகிறவரும் அதே ரோட்டில்தான் இறங்குகிறார். அப்புறம் நத்தம் சாலையும் அழகர்கோவில் சாலையும் அகலம் போதவில்லை என்கிறோம்.

இதை அளக்க முடியும். ஒரு சந்திப்பில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று எண்ணுங்கள்: முட்டுச்சந்துக்கு ஒன்று, முச்சந்திக்கு மூன்று, நாற்சந்திக்கு நான்கு. சராசரி குறையக் குறைய ஊர் துண்டுபடுகிறது. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் இவ்வகை அளவுகளை வைத்து அமெரிக்கத் தெருக்களை ஆராய்ந்தார்கள். புதிய தெருக்கள் துண்டுபடுவது அங்கே 1990களின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்கியது. ஆனால் உலக அளவில் 1975க்குப் பிறகு போட்ட தெருக்களில் துண்டுபடுதல் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் திரும்ப முடிந்ததென்றால் நம்மாலும் முடியும்.

கண்மாயும் ரயில் பாதையும் குறுக்கே வந்தால் தெரு வளைந்துதான் போக வேண்டும். தெருவை இணைக்கிறோம் என்று கண்மாயைத் தூர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். இடையில் தடையே இல்லாத இடத்தில் எழுப்பும் சுவரைத்தான் கேள்வி கேட்கிறேன்.

மனை வாங்குகிறவர்கள் எஃப்எம்பி எனும் சர்வே எண்ணின் நில அளவை வரைபடத்தையும் லேஅவுட் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரு சர்வே எண்ணின் எல்லைக்கல் வரை போகிறதா, அல்லது கடைசியில் ஓரடி நிலத்தை யாராவது தங்கள் பெயரில் நிறுத்தி வைத்திருக்கிறார்களா? அந்த ஓரடி இருந்தால், நாளை பக்கத்து வயல் மனையானாலும் அந்த ஓரடியை வைத்திருப்பவர் சம்மதிக்காமல் தெரு இணையாது. சரி, தெருவை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று என்று சொல்கிறார்களா? நகல் வாங்கி, அந்தக் கடைசி ஓரடியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.