புள்ளித்திட்டத்தை மூடி வையுங்கள்

போன கிழமை உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கிளிநொச்சி மாவட்டத்து முழங்காவில் பக்கம். உயிரியலுக்கு பீ, பௌதிகவியலுக்கு சீ, இரசாயனவியலுக்கு எஸ், வெறும் சாதாரண சித்தி. இரண்டாம் தடவை எழுதியும் அதே எஸ்தான். பையிலிருந்து நான்கு மொத்தக் கொப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"பதினைஞ்சு வருசப் பேப்பரும் செய்து முடிச்சனான் ரீச்சர். பிறகும் ஏன் இப்பிடி?"

கொப்பிகளைப் பிரித்தேன். முத்து முத்தான எழுத்து, சமன்பாடுகளுக்கு நீல மை, இறுதி விடைக்குச் சிவப்புப் பெட்டி. பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒரு வெட்டு இல்லை, ஒரு பிழை இல்லை. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பதினைந்து வருட வினாத்தாளைத் தன் மூளையால் செய்த பிள்ளையின் கொப்பி இவ்வளவு சுத்தமாக இருக்கவே இருக்காது.

ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு கன டெசிமீற்றருக்கு 0.10 மூல் செறிவுள்ள சோடியம் காபனேற்றுக் கரைசல் 25.00 கன சென்ரிமீற்றர். அதே செறிவுள்ள ஐதரோக்குளோரிக் அமிலத்தால் நியமிக்கிறோம், அதாவது அமிலத்தை அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். நிறம் மாறி முடிவைச் சொல்லும் காட்டி பினோத்தலீன். அளவி வாசிப்பு எவ்வளவு? யோசிக்காமலே 50.00 என்று எழுதினாள். அவள் கொப்பியில் இதே கணக்கு இருக்கிறது, ஆனால் அங்கே காட்டி மெதயில் செம்மஞ்சள். பினோத்தலீன் நிறம் மாறும்போது காபனேற்று ஐதரசன்காபனேற்றாகும் நிலை வரைதான் போயிருக்கும். பாதித் தூரம். விடை 25.00. "ஒன்றுக்கு இரண்டு" என்ற விகிதத்தை மட்டும் பாடமாக்கியிருந்தாள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதே இல்லை.

இந்த வருடம் இப்படிக் கொப்பியோடு வந்தவர்களில் இவள் ஆறாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைகளே, விடையும் அதற்குரிய புள்ளியும் போட்ட புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வினாத்தாள் "செய்வது" பயிற்சி இல்லை. வாசித்தால் விளங்குகிறது என்பீர்கள். விளங்கத்தான் செய்யும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் விடை, படி படியாக, விளங்குகிற மாதிரித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் சைக்கிள் ஓடுவதை வீதியோரம் நின்று பார்த்தாலும் விளங்கும். பரீட்சை மண்டபத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது முதல் வரி: எதிலிருந்து தொடங்குவது, எந்தச் சமன்பாடு, எதன் மூல் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த முதல் வரியைப் புள்ளித்திட்டம் உங்களுக்காக எழுதித் தந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் பெருக்கலும் பிரித்தலும். கஷ்டமான பகுதியை வேறொருவர் செய்து தர, இலேசான பகுதியைப் பார்த்து எழுதிவிட்டு, "பேப்பர் முடிந்தது" என்று எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறீர்கள். ஒரு கணக்கோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டி, வராமல் போய், பிறகு விடையைத் திறந்து "ஐயோ, இதைத்தானே விட்டேன்" என்று நெற்றியில் அடிக்கிறீர்களே, அந்த நேரத்தில்தான் பாடம் தலைக்குள் இறங்குகிறது. அந்த இருபது நிமிடத்தை யாரும் உங்களுக்காகச் செலவழிக்க முடியாது. சூமில் படிப்பிக்கிறவராலும் முடியாது, என்னாலும் முடியாது.

ஆகவே ஒரு வினாத்தாளை எடுத்தால் கதவைச் சாத்துங்கள். இரசாயனவியல் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினா, இரண்டு மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. இரண்டாம் வினாத்தாளில் ஏ பகுதியின் நான்கு அமைப்புக் கட்டுரையும் கட்டாயம், தலா 100 புள்ளி. பீ, சீ பகுதிகளில் இரண்டிரண்டு வினா, தலா 150. மூன்று மணித்தியாலத்தைப் புள்ளிக்கு ஏற்பப் பிரித்தால் ஏ பகுதி வினா ஒன்றுக்கு 18 நிமிடம், கட்டுரை வினா ஒன்றுக்கு 27 நிமிடம். இதற்கு மேல் ஒரு வினாவோடு உட்கார்ந்திருந்தால் அடுத்த வினாவின் நேரத்தைத்தான் தின்கிறீர்கள். வாசிக்கத் தரும் மேலதிக பத்து நிமிடத்தில் எந்தக் கட்டுரைகளை விடுவது என்று முடிவெடுங்கள். எழுதத் தொடங்கிய கட்டுரையை நடுவில் வெட்டிவிட்டு வேறொன்றுக்குத் தாவுகிறவர்களை ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் பார்க்கிறேன்.

பல்தேர்வில் இரண்டு இடங்களில் பிள்ளைகள் வீணாக விழுகிறார்கள். 31 முதல் 40 வரை, தந்த நான்கு கூற்றுகளில் ஒரு கூற்று மட்டும் சரியென்றாலும் மூன்று கூற்றுகள் சரியென்றாலும் முதலாவதும் மூன்றாவதும் சரியென்றாலும் விடை 5தான். "போன வினாவுக்கும் 5 போட்டேனே" என்று பயந்து மாற்றாதீர்கள். 41 முதல் 50 வரை, இரண்டு கூற்றும் உண்மை என்றதும் கை தானாக 1க்குப் போகிறது. பொறுங்கள். இரண்டுக்கும் நடுவில் "ஏனெனில்" என்ற சொல்லைப் போட்டு வாசித்துப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் 2. பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடவேண்டாம்.

கணிப்பானைப் பற்றிக் கத்திக் கத்திக் களைத்துவிட்டேன். இரசாயனவியல் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே வீட்டில் போனைத் தட்டிக் கணக்குச் செய்கிறீர்கள். பிறகு மண்டபத்தில் வாயு மாறிலி 8.314 ஆல் பிரிக்க ஐந்து நிமிடம் போகிறது. இன்றிலிருந்து போன் வேறு அறையில் இருக்கட்டும். 2 இன் மடக்கை 0.30, 3 இன் மடக்கை 0.48. இந்த இரண்டும் கையில் இருந்தால் பீ.எச். கணக்கில் பெரும்பாலானதைச் சமாளிக்கலாம்.

அலகு. விடைக்கு நான்கு, அலகுக்கு ஒன்று என்று புள்ளித்திட்டத்தில் "4+1" போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலகை விட்டால் அந்த ஒன்று போய்விடும். இப்படி ஒவ்வொன்றாகச் சிந்தியதைக் கூட்டிப் பார்த்தால் சில வேளை ஒரு பெறுபேற்றுப் படியே அங்கே கிடக்கிறது. பௌதிக நிலையும் அப்படித்தான், கேட்டிருந்தால் எழுதவேண்டும். சேதன இரசாயனத்தில் ஒரு சொல்லே விடையை மாற்றும்: அற்கைல் ஏலைட்டோடு நீர்சேர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்றால் அற்ககோல், அற்ககோல்சேர் என்றால் அற்கீன். "பொற்றாசியம் ஐதரொட்சைட்டு" என்று மொட்டையாக எழுதிவிட்டு எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பயனில்லை.

பாடமாக்குவதைப் பற்றி இன்னுமொன்று. யாழ்ப்பாணத்துக்கு ரியூசனுக்குப் போகும் கிளிநொச்சிப் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆனையிறவைத் தாண்டித்தான் போகிறார்கள். உப்பளம் பஸ் யன்னலில் தெரியும். கடல்நீர் ஆவியாகும்போது முதலில் கல்சியம் காபனேற்று, பிறகு கல்சியம் சல்பேற்று, அதன் பிறகு சோடியம் குளோரைட்டு, மிஞ்சும் நீரில் மகனீசியம் உப்புகள் என்று ஒப்புவிப்பார்கள். ஏன் இந்த ஒழுங்கு என்று கேட்டால் மௌனம். கரைதிறன் குறைந்தது முதலில் படியும், அவ்வளவுதான். கரைதிறன் பெருக்கம் என்று தனி அலகாகப் படித்ததும் இந்த உப்பளமும் ஒரே விசயம் என்று பிடிபட்டால் இரண்டையும் மறக்க மாட்டீர்கள். அடுத்த முறை போகும்போது போனை வைத்துவிட்டு யன்னலால் பாருங்கள், தயவுசெய்து.

ஆய்வுகூடம் சரியாக இல்லை, ஆசிரியர் பாதியில் மாற்றலாகிப் போனார், இதெல்லாம் எங்கள் பக்கத்தில் உண்மை. நான் மறுக்கவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் அளவியைக் கையால் தொடாமலே பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள் தமிழில் இருக்கின்றன, இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். ரியூசனில் தரும் ரியூட்டுக்கு முன் அதைப் படியுங்கள். "எங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே, எஸ் போதும்" என்ற கதையை வீட்டில் பெரியவர்களே சொல்லிக் கொடுக்க வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருடமும் மாறும். பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில் முல்லைத்தீவுப் பிள்ளைக்கென்று தனியாக ஒரு இலேசான இரசாயனவியல் வைத்திருக்க மாட்டார்கள்.

அம்மா அப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். "எத்தனை பேப்பர் முடிச்சாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பிள்ளை பார்த்து எழுதுகிறது. "இண்டைக்கு எதில பிழை விட்டாய்?" என்று கேளுங்கள். பதில் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்ல விடுங்கள்.

முழங்காவில் பிள்ளைக்கு மூன்றாவது தடவை இருக்கிறது. அந்த நான்கு கொப்பிகளையும் என் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். புதுக் கொப்பி ஒன்றும் வினாத்தாள்கள் மட்டுமாக ஒரு கட்டும் கொடுத்தனுப்பினேன். நேற்று முதல் வினாத்தாளோடு வந்தாள். பதினொரு இடத்தில் வெட்டு, இரண்டு கணக்கு பாதியில் நின்றுபோயிருந்தது. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மாலை ஆறு மணி வரை இருந்தோம்.

பரீட்சை மழைக்காலத்தில் வந்தால், 2024 நவம்பரில் வெள்ளத்தால் இடைநடுவில் நாட்கள் தள்ளிப்போனதை மறக்க வேண்டாம். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையில் போடுங்கள். குளம் வான் பாய்ந்தால் உங்கள் ஊர் வீதி மறிபடுமென்றால், நிலையத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டை இப்போதே கேட்டு வையுங்கள்.