வினைச்சொல்லும் அதைத் தொடரும் முன்னிடைச்சொல்லும்

அலுவலகக் கடிதங்களையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்தில் திருத்திக் கொடுக்கும் பணியில், காலங்களையும் எழுத்துக்கூட்டலையும் பிழையின்றி எழுதுபவர்கள்கூட வினைச்சொல்லுக்குப் பின் வரும் முன்னிடைச்சொல்லில் (‘டு’, ‘அட்’, ‘ஃபார்’ போன்ற சொற்களில்) தடுமாறுவதைத் தொடர்ந்து காண்கிறேன். தமிழ் வேற்றுமை உருபு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் நிலையான இணை உண்டு என்ற எண்ணமே இதற்குப் பெரிதும் காரணம். ‘எனக்குச் சொல்லுங்கள்’, ‘எனக்கு விளக்குங்கள்’ என்னும் இரண்டிலும் நாம் ஒரே உருபைத்தான் பயன்படுத்துகிறோம்; ஆங்கிலமோ ‘டெல் மீ’ என்பதில் எதையும் சேர்க்காமல், ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ’ என்பதில் ‘டு’வைக் கட்டாயமாகக் கேட்கிறது.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு காரணமும் உண்டு. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘அபவுட்’ வரலாம். ‘ரிக்வெஸ்ட்’ பெயராக நிற்கும்போது ‘ஃபார்’ வரும். ‘எம்ஃபசிஸ்’ ‘ஆன்’ என்பதை ஏற்கும். இவற்றின் வினை வடிவங்களான டிஸ்கஸ், ரிக்வெஸ்ட், எம்ஃபசைஸ் ஆகியவை செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்பவை. பெயருக்கு உரியதை வினைக்கும் கொடுப்பதால்தான் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற பிழை, பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்களிடமும் நீடிக்கிறது. அறைக்குள் நுழைவதற்கு ‘என்டர்’ மட்டும் போதும். ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு ‘என்டர் இன்டு’ என்றே எழுத வேண்டும்.

சில இடங்களில் பிழை ஏற்படாது, பொருள்தான் மாறிவிடும். ஒருவர் பிடிப்பதற்காகப் பந்தை எறிந்தால் ‘த்ரோ டு’; அவர்மேல் படவேண்டும் என்று எறிந்தால் ‘த்ரோ அட்’. தொலைவில் இருப்பவரைக் கூவி அழைப்பது ‘ஷவுட் டு’, கோபத்தில் கத்துவது ‘ஷவுட் அட்’. இவற்றில் ‘அட்’ எதிரிலிருப்பவரை இலக்காக்குகிறது.

நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் விளைந்து நான் கண்டதில்லை. வினைச்சொல்லை அதன் அமைப்போடு சேர்த்துக் கற்பதே சிறந்தது. ஏ. எஸ். ஹார்ன்பியும் அவருடைய கூட்டாளிகளும் தொகுத்து 1942-இல் ஜப்பானில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த அகராதி, வினைகளின் அமைப்பைக் கற்பவருக்கு விளக்கிக் காட்டியது; இன்றைய கற்போர் அகராதிகளும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் முன்னிடைச்சொல்லைத் தடித்த எழுத்தில் தருவது வழக்கம். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுபவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

கடிதங்களின் இறுதி வரியான ‘லுக்கிங் ஃபார்வர்டு டு’ என்பதற்குப் பின் ‘மீட் யூ’ என்று எழுதுவோர் மிகப் பலர். அங்குள்ள ‘டு’ முன்னிடைச்சொல் என்பதால், அதை அடுத்துப் பெயர்போல் இயங்கும் ‘மீட்டிங் யூ’ என்ற வடிவமே வர வேண்டும்.