காது கேளாத பிள்ளைக்குக் கண்ணையும் பாருங்கள்

பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கும் பள்ளி உண்டு, பார்வையற்றோருக்கும் பள்ளி உண்டு. இரண்டும் நூறு வருஷம் தாண்டியவை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளைக் கண் மருத்துவராகப் பார்த்துவருகிறேன்.

முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவன், பத்து வயது, பிறவியிலேயே காது கேட்காது. "அந்தி சாஞ்சா என் சேலைய விடமாட்டேங்கான் டாக்டர், வாசப்படியில முட்டுதான்" என்றார் பீடி சுற்றும் அவன் அம்மா. மாலைக்கண் என்று முருங்கைக்கீரையும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அக்கா அவனுக்குப் பக்கவாட்டில் நின்று கையை ஆட்டினாள். அவன் திரும்பவே இல்லை. நேரே வந்து நின்றதும் சிரித்தான். எப்போது நடந்தான் என்று கேட்டேன். "ரெண்டு வயசுக்கு மேலதான்."

பிறவிக் கேளாமை, தாமதமான நடை, மாலைக்கண் மூன்றும் சேர்ந்தால் காதையும் கண்ணையும் சேர்த்துக் கெடுக்கும் பரம்பரை நோயான அஷர் சிண்ட்ரோமின் முதல் வகையைச் சந்தேகிக்க வேண்டும். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் மருந்தில் தீரும், இது தீராது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும்.

காதும் கண்ணும் ஏன் சேர்ந்து கெடுகின்றன? நம் செல்லுக்குள் நுண்ணிய இழைகளின் மேல் சுமை தூக்கி நடக்கும் மோட்டார் புரதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று மயோசின் 7ஏ. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒழுங்காக நிற்க அது வேண்டும். விழித்திரையில் நிறமித் துகள்களையும் ஒளியை உணரும் புரதத்தையும் உரிய இடத்தில் சேர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு. உடம்பின் சமநிலையும் உள்காதில்தான் என்பதால் நடையும் தள்ளிப்போகிறது. இந்த முதல் வகைக்கான காரணங்களில் ஒன்று இதன் ஜீன் பழுது என்று 1995இல் கண்டுபிடித்தார்கள்.

தாய் தகப்பன் இருவரும் நல்ல சுகமாகவே இருப்பார்கள். இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பங்களில் இப்படி அமைவது கூடுதல். "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்கும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: எந்தப் பாவமும் இல்லை, தாயி.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன லாபம்? நிறைய உண்டு. சைகை மொழிக்கும் உதட்டசைவைப் படிக்கவும் கண் வேண்டும். அந்தக் கண்ணே சுருங்கப்போகிறது என்று தெரிந்தால், ஒலியைக் கேட்க உள்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளாண்டைத் தள்ளிப்போட மாட்டோம். அரசு காப்பீட்டுத் திட்டத்தில் அதை ஆறு வயதுக்குள் செய்துகொள்ள வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. இப்போது வகுப்பில் அவனுக்கு வெளிச்சமான இடம் வேண்டும், பேசுபவர் முகத்துக்கு நேரே நிற்க வேண்டும். இரவில் கையில் டார்ச் வேண்டும்.

அவனுக்கு எட்டு மாதத்தில் ஒரு தம்பி இருக்கிறான். இன்னும் உட்காரவில்லை என்றார்கள். "அடுத்த வாரம்னு போடாதீங்க, நாளைக்கே காது டெஸ்டுக்குத் தூக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.